செயலியின் வேகத்தைக் குறைப்பது யார்?

ராஸ்ப்பெரி பை மாதிரி உள்ளங்கை அளவுக் கணினிகளை வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "1200 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லித்தானே விற்றார்கள், ஏன் 600-ல் ஓடுகிறது?" பலகை பழுது என்று முடிவுகட்டி, இன்னொன்று வாங்கிக் காசை விடுபவர்களும் உண்டு. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இதுவும் வரவு செலவுக் கணக்குதான், நண்பர்களே.

செயலி தின்னும் மின்சாரம், வேகத்தோடு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தோடு வர்க்க விகிதத்திலும் ஏறும். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். அதாவது இரட்டைச் சேமிப்பு. வேலைக்கு ஏற்றபடி வேகத்தை இயங்குதளமே மாற்றட்டும் என்று ஜெராக்ஸ் ஆய்வகத்தின் மார்க் வைசரும் சகாக்களும் 1994-ல் ஒரு கட்டுரையில் சொன்னார்கள்.

அதை ஒரு சின்னப் பலகையில் செய்து காட்டியது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம். அவர்களுடைய 'லார்ட்' பலகையில் இருந்தது ஸ்ட்ராங்ஆர்ம் செயலி. 59 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது ஒரு கட்டளைக்கு ஆகும் மின்சக்தி, 251-ல் ஆவதில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று 2001-ல் அளந்து சொன்னார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தச் செயலியில் நினைவகத்தின் நேரக்கணக்கும் செயலியின் வேகத்தோடு கட்டப்பட்டிருந்தது. வேகத்தை மட்டும் ஏற்றினால் நினைவகம் ஈடுகொடுக்காது. தீர்வு எளிமையானது: ஏற்றும்போது முதலில் நினைவகத்துக்கு அவகாசம் கொடு, பிறகு வேகத்தைக் கூட்டு. இறக்கும்போது தலைகீழாகச் செய்.

ரஸ்ஸல் கிங் போன்றவர்கள் எழுதிய 'சிபியூஃப்ரீக்' நிரல், 2002-ல் லினக்ஸின் மையத்துக்குள் வந்தது. தேவை வந்தால் வேகத்தை ஏற்றும் 'ஆன்டிமாண்ட்' கவர்னர் 2004-ல் சேர்ந்தது.

2012 பிப்ரவரியில் ராஸ்ப்பெரி பை 700 மெகாஹெர்ட்ஸில் வந்தது. அதே செப்டம்பரில் 1000 வரை போகும் டர்போ வசதியை, இதே சிபியூஃப்ரீக்கை வைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதில் கடைசி வார்த்தை லினக்ஸுடையது அல்ல. பலகையின் ஃபர்ம்வேர்தான் முதலாளி. லினக்ஸ் கேட்கும், ஃபர்ம்வேர் கொடுக்கும் அல்லது மறுக்கும். 2016-ல் வந்த பை 3-ல், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் வேகம் வெட்டப்படும். சூடு 80 டிகிரியைத் தொட்டாலும் அப்படியே. லினக்ஸ் 1200 என்று காட்டிக்கொண்டிருக்க, உள்ளே 600-ல் ஓடிக்கொண்டிருக்கும்!

ஆக, வேகம் குறைந்தால் பார்க்க வேண்டியவை மூன்று:

1. வேலை இல்லாததால் கவர்னரே இறக்கியிருக்கிறதா? அது பழுதே அல்ல. கனமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

2. அடாப்டரும் கேபிளும் சரியா? மெல்லிய கேபிளே பாதி வழியில் மின்னழுத்தத்தைத் தின்றுவிடும்.

3. சூடா? ஹீட்சிங்க் ஒட்டிப் பாருங்கள்.

லினக்ஸ் சொல்லும் வேகத்தையும் ஃபர்ம்வேர் சொல்லும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முன்னது பட்ஜெட், பின்னது நிஜச் செலவு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கோளாறு இருக்கும். ஆடிட்டிங் பாடத்தில் நமக்குச் சொல்லித்தருவதும் இதைத்தானே?

புதுப் பலகைக்குக் காசு கொடுக்கும் முன், ஒரு நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள்.