சுருக்குப்பையும் சிவப்புக் கட்டடமும்

சென்னை பாரிமுனைப் பக்கம் போனால் தலைமைத் தபால் அலுவலகத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன். 1884இல் கட்டி முடித்தது. ராபர்ட் சிஷோம் வரைந்த கட்டடம். சேப்பாக்கம் செனட் மண்டபமும் அவர் வரைந்ததுதான். சிவப்புச் செங்கல், இரட்டைக் கோபுரம், கேரளத்து வீடுகளைப்போலச் சரிந்த கூரை. 2000இல் தீப்பிடித்துப் பெரும் சேதம். கட்டடக்கலை எழுதுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் கேட்பது வேறு. இந்த மாதிரிக் கட்டடங்களில் இருந்த சேமிப்பு வங்கிக் கவுன்ட்டருக்கு யாரால் வர முடிந்தது?

1870இல் வெள்ளைக்கார சர்க்கார் சில மாவட்டக் கஜானாக்களில் சேமிப்பு வங்கி திறந்தது. 1882 ஏப்ரலில் தபாலாபீஸ் சேமிப்பு வங்கி வந்தது. நாலணா இருந்தாலே கட்டலாம். ஏழை எளியதும் சேர்த்து வைக்கட்டும் என்று பேச்சு.

சரி, கடலூர் சிதம்பரம் பக்கத்துச் சேரியில் நாலணா யார் கையில் இருந்தது? படியாளுக்குக் கூலி நெல். மரக்காலால் அளந்து போடுவான், அதுவும் குறைத்து. நெல்லைக் கொண்டுபோய்த் தபாலாபீசில் கட்ட முடியுமா? எங்க ஆயா செத்தபோது அவங்க சுருக்குப்பையில் கொட்டைப்பாக்கும் ரெண்டு ஓட்டைக் காலணாவும் கிடந்தன. எழுபது வருஷம் நடவு நட்ட கைக்கு மிஞ்சியது அவ்வளவுதான். சேமிக்கத் தெரியாத சனம் என்று நம்மைச் சொன்னவர்கள் அந்தக் கூலிக் கணக்கைப் பார்த்ததில்லை.

1916இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அந்தப் பள்ளியில் படித்து வாத்தியாரானவர் எங்க பெரிய தாத்தா. எங்க வகையறாவில் மாசச் சம்பளத்தைக் காசாக வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஊரில் தபாலாபீஸ் இருந்தது, ஊர்த்தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில். சேரிக்காரன் தெருவில் நின்றுதான் கார்டு வாங்க வேண்டும். தாத்தா அங்கே கணக்குத் திறக்கவில்லை. மாசாமாசம் சிதம்பரம் டவுனுக்கு நடந்துபோய்ப் பணம் கட்டினார். சட்டத்தில் கவுன்ட்டர் எல்லாருக்கும் பொது. திண்ணை பொது இல்லை.

கூரையையும் கோபுரத்தையும் எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்து எழுதுங்கள். தாத்தாவின் பாஸ்புக் இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் வரவு அஞ்சு ரூபாய். ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் சிதம்பரம் முத்திரை. சொந்த ஊர் முத்திரை ஒன்றுகூட இல்லை.