இயந்திரம் சொல்லும் சாட்சி

சுங்கை பாக்காப், ஜாவி, வால்டோர் என்று நம் தென் செபராங் பிறை வட்டாரத்தில் தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்குச் செக்ரோல் புத்தகம் நினைவிருக்கும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். வந்தவர் யார், வராதவர் யார் என்று கிராணியார் தம் கையால் பதிவார். சம்பளத்தில் தகராறு வந்தால் அந்தப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். எழுதியது யார், பிறகு திருத்தியது யார் என்று கிராணியாரையே நிறுத்திக் கேட்கலாம். மீதியை மையும் கையெழுத்தும் சொல்லிவிடும்.

பிறகு அந்தப் புத்தகத்தின் இடத்தில் கணினி வந்து உட்கார்ந்தது. கணினியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டு நீதிமன்றங்கள் எப்படி விடை தேடின என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நமது சான்றுச் சட்டம் 1950-ஆம் ஆண்டுச் சட்டம். அன்றைக்கு ஆவணம் என்றால் பெரும்பாலும் காகிதம்தான். வங்கிகள் கணக்குகளைக் கணினிக்கு மாற்றிய பிறகு, அச்சாகி வரும் தாளுக்கு மதிப்பு உண்டா என்ற சிக்கல் எழுந்தது. 1993-இல் 90ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வழக்கமான பயன்பாட்டில் இருக்கும் கணினி தந்த ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்கலாம். அந்தக் கணினிக்குப் பொறுப்பானவர் அதற்குச் சான்றிதழ் தரலாம் என்று அது சொன்னது.

சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஞானசேகரன் வழக்கைச் சட்ட மாணவர்கள் இதற்காகவே படிக்கிறார்கள். வங்கி அதிகாரியே நேரில் வந்து சாட்சி சொல்லும்போது தனியாக ஒரு சான்றிதழ் தேவையில்லை என்றது நீதிமன்றம். காகிதத்தைவிட, அதற்குப் பின்னால் நிற்கும் மனிதர்தான் முக்கியம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

2000-ஆம் ஆண்டு கிள்ளானில் பேருந்துக்குள் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டதை நாடு மறக்கவில்லை. அந்த வழக்கில் மரபணு அறிக்கையோடு, இயந்திரம் அடித்துக் கொடுத்த பேருந்துச் சீட்டும் சாட்சியமாக வந்தது. நாம் கசக்கி எறியும் அந்தச் சிறு தாளும் கணினி ஆவணமே என்று 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அத்தகைய ஆவணத்தைச் சான்றிதழாலோ வாய்மொழிச் சாட்சியத்தாலோ மெய்ப்பிக்கலாம் என்றும் விளக்கியது.

அடுத்த ஆண்டே ஒளிப்பதிவு வந்தது. 2007 செப்டம்பரில் அன்வார் இப்ராஹிம் வெளியிட்ட காட்சியில், ஒரு மூத்த வழக்கறிஞர் நீதிபதிகள் நியமனம் பற்றித் தொலைபேசியில் பேசுவதாகக் காணப்பட்டது. முதலில் 3 பேர் கொண்ட குழுவும், பிறகு அரச விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டன. காட்சி உண்மையா, ஒட்டி வெட்டியதா? நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 2001-இல் அதைப் படம் பிடித்தவரும் நேரில் வந்து சாட்சி சொன்னார். காட்சி உண்மையானதே என்று ஆணையம் முடிவு செய்தது.

தமிழகத்திலும் இதே கதைதான். ஒரு பெண்ணை இழிவுபடுத்தி யாகூ குழுவில் வந்த செய்தியைத் தொடர்ந்து சென்ற சென்னைப் போலீசார் மும்பையில் ஆளைப் பிடித்தார்கள். 2004 நவம்பர் 5-ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. புகார் கொடுத்த சில மாதங்களிலேயே தீர்ப்பு! அங்கும் கணினித் தடயத்தோடு, இணைய மையம் நடத்தியவர்களின் சாட்சியமும் சேர்ந்துதான் வழக்கு நின்றது.

நிபுணர்கள் வேலை செய்யும் முறை எளிமையானதுதான். கைப்பற்றிய வட்டில் எதுவும் எழுதப்படாதபடி முதலில் ஒரு தடுப்புக் கருவியைப் பொருத்துகிறார்கள். பிறகு அதை அப்படியே நகல் எடுக்கிறார்கள். அசலுக்கும் நகலுக்கும் 'ஹாஷ்' என்ற கணக்கைப் போடுகிறார்கள். ஷா-256 முறையில் விடை 64 எழுத்துகளாக வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நகல் சரி. ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும். அதனால் இதைக் கைரேகைக்கு ஒப்பிடுகிறார்கள். ஆனால் கைரேகையும் பொய்க்கலாம். 1991-இல் வந்த எம்டி5 முறையில், வேறுபட்ட இரண்டு கோப்புகளுக்கு ஒரே விடையை வரவழைக்க முடியும் என்று 2004-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகே வலுவான முறைகளை நோக்கித் துறை நகர்ந்தது.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2012-இல் சான்றுச் சட்டத்தில் 114ஏ பிரிவு வந்தது. இணையத்தில் ஒரு பதிவு உங்கள் பெயரிலோ, நீங்கள் பதிவு செய்த இணையச் சேவையிலோ வெளியானால், வெளியிட்டவர் நீங்களே என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அன்று கிராணியார் தவறாக எழுதினால் எழுதிய கை யாருடையது என்று கேட்க முடிந்தது. இன்று உங்கள் சிம் அட்டையை வைத்துப் பிறர் எழுதினால், முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஆகவே பெற்றோர்களே, இளைஞர்களே, சிம் அட்டையையும் கடவுச்சொல்லையும் இரவல் கொடுக்காதீர்கள். மோசடிக்கு ஆளானால் வெட்கப்பட்டுச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். திரையைப் படம் எடுத்தால் மட்டும் போதாது. அந்தக் கைப்பேசியையே பத்திரமாக வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 997-ஐ அழையுங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். அசல் உங்கள் கையில் இருக்கும்வரைதான் நிபுணரால் உங்களுக்கு உதவ முடியும்.