மிளகுத் தண்ணீரும் மலைநாட்டு மேசையும்

நுவரெலியாவிலுள்ள பழைய ஹோட்டல்களில் இரவு விருந்து தொடங்கும்போது முதலில் வருவது சூப். ஆங்கிலேயர் காலத்து உணவுப் பட்டியல்களில் அந்த இடத்தை அடிக்கடி பிடித்துக்கொண்ட சூப் ஒன்றுண்டு. அதன் பெயர் 'முல்லிகட்டோனி'. வெள்ளித் தட்டில் வைத்து, வெள்ளைக் கையுறை அணிந்த பணியாளர் பரிமாறிய அந்தச் சூப்பின் பெயர் ஆங்கிலமும் அன்று, பிரெஞ்சும் அன்று. நம்முடைய 'மிளகுத் தண்ணீர்' என்னும் சொல்லே ஆங்கில நாவில் திரிந்து அவ்வடிவம் பெற்றது. சளி பிடித்தவருக்குத் தமிழ்த் தாய்மார் காய்ச்சிக் கொடுத்த எளிய சாறு, இறைச்சியும் அரிசியும் சேர்த்துக் கனவான்களின் விருந்தில் முதலிடம் பெற்றது.

அவ்வாறு தமிழ்ச் சொல்லுக்கு இடமளித்த மேசையில் தமிழருக்கு எத்தகைய இடம் இருந்தது? மலைநாட்டு விருந்து மண்டபங்களின் வரலாற்றை ஆராய்வோர் இந்த வினாவைக் கடந்து செல்ல இயலாது.

கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் அமைந்த நுவரெலியா, ஆங்கிலேயருக்கு முதலில் ஆரோக்கிய வாசமாகவே அறிமுகமாயிற்று. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கென ஒரு மாளிகை எழுப்பினார். அதுவே பிற்காலத்தில் விரிந்து கிராண்ட் ஹோட்டலாயிற்று என்பர். கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு ஊக்கமளித்து, தாமும் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர் அதே பார்ன்ஸ். ஆகவே, மலைநாட்டின் விருந்து மாளிகையும் மலைநாட்டின் தோட்டத்துறையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேரூன்றியவை எனலாம்.

அவருக்குப் பின் வந்தவர் சாமுவேல் பேக்கர். காய்ச்சலால் நலிந்த உடலைத் தேற்றிக்கொள்ள நுவரெலியாவுக்கு வந்த அவர், 1848 இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் உயர்சாதி மாடுகளையும் வேட்டை நாய்களையும் கொண்டுவந்து ஒரு பண்ணை அமைத்தார். உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கறிகளும் அம்மலையில் பயிராகும் என்று காட்ட முயன்றவர் அவர். 1849 இல் அவர் தொடங்கிய சிறிய பியர் வடிசாலை, அந்நகரின் மது வரலாற்றில் முதல் அத்தியாயம். இலங்கையின் பெயர்பெற்ற பியர்த் தொழில் தன் பிறப்பை அந்த வடிசாலையிலிருந்தே கணக்கிடுகிறது. நுவரெலியாவில் நெடுங்காலம் இயங்கிய அத்தொழிற்சாலை, 1990களில் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு இடம்பெயர்ந்தது.

மதுவினால் விளைந்த கேட்டையும் பேக்கரே தமது நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்த குதிரைக்காரன் குடிப்பழக்கம் உள்ளவன். மலைப்பாதையில் எசமானின் புதிய வண்டியைக் குதிரைகளோடு பள்ளத்தில் உருளவிட்டவன் அவன். பிறிதொரு முறை குடிவெறியில் ஒரு யானையை மலைமீது விரட்டி ஓட்ட, அது களைத்து மாண்டது. பேக்கர் அதை நகைச்சுவையாகவே சொல்லிச் செல்கிறார். எசமானின் ஊரிலிருந்து வந்தவன் குடித்தால் அது வேடிக்கைக் கதை. பின்னாளில் தோட்டத் தொழிலாளி குடித்தபோதோ அது அவனுடைய இனத்தின் குறையாகப் பேசப்பட்டது.

அத்தொழிலாளர் அம்மலைக்கு வந்த வழியை நேயர்கள் அறிவார்கள். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே கொன்றன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை மலைகளெங்கும் பரவியது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து திரும்பிய தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலைக்கு லயங்களில் நிலையாகத் தங்கினர்.

தேயிலையோடு பணமும் வந்தது. புகைவண்டி 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. அதுவரை மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் ஏறிவந்த விஸ்கிப் பெட்டிகளும் தகரத்திலடைத்த மீனும் பாலாடைக்கட்டியும் அதன்பின் புகைவண்டியில் வந்திறங்கின. ஏப்ரல் மாதம் பிறந்தால் கொழும்பின் வெயிலுக்கு அஞ்சிய அதிகார வர்க்கம் நுவரெலியாவுக்கு ஏறிவிடும். குதிரைப் பந்தயம், நடன விருந்து, மலர்க் காட்சி என அந்த 'சீசன்' களைகட்டும். 1876 இல் தோட்டத்துரைமாருக்காகத் தோன்றிய ஹில் கிளப், வேட்டையாடிய விலங்குகளின் தலைகள் சுவரில் தொங்க, கணப்படுப்பு எரிய, மாலை உடையணிந்தோர் மட்டுமே அமர்ந்து உண்ணும் இடமாக விளங்கியது. அதன் மதுக்கூடங்களுள் ஒன்று ஆண்களுக்கு மட்டுமே உரியது. பெண்களோடு கூடி அருந்துவதற்கு வேறொரு கூடம் இருந்தது.

அங்கே கலந்து பரிமாறப்பட்ட பானங்களின் பிறப்பை ஆராய்ந்தால் மீண்டும் நம் நாட்டுக்கே வருகிறோம். காக்டெயிலுக்கு மூத்தது 'பஞ்ச்'. கிழக்கிந்தியக் கம்பெனி மாலுமிகள் 17 ஆம் நூற்றாண்டிலேயே பருகிய அந்தப் பானத்தில் சாராயம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, நீர், நறுமணப் பொருள் என ஐந்து சேரும். ஐந்து என்று பொருள்படும் 'பஞ்ச' என்னும் இந்தியச் சொல்லே அதன் பெயராயிற்று என்பர் மொழி நூலார். அதற்குரிய சாராயங்களுள் பெயர்பெற்றது இலங்கையின் தென்னஞ்சாராயம்.

ஜின்னோடு கலக்கும் 'டொனிக்' நீரின் கதை இன்னும் நெருங்கியது. அதன் கசப்பு கொயினாவிலிருந்து வருவது. கொயினா, சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அம்மரத்தை இலங்கையில் வளர்ப்பதற்கென்றே 1861 இல் நுவரெலியாவுக்கு அருகில் ஹக்கலைத் தாவரவியல் தோட்டம் அமைக்கப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றுவதற்கு இடைப்பட்ட காலத்தில், நொடித்த துரைமார் பலரைச் சில ஆண்டுகள் தாங்கி நின்றது சிங்கோனா. பின்னர் பட்டை சந்தையில் அளவுக்கு மிஞ்சிக் குவிய, விலை விழுந்தது. மரங்களை நட்டதும் பட்டையை உரித்ததும் உலர்த்தியதும் தோட்டத் தொழிலாளரின் கைகள்.

ஹோட்டலிலும் பங்களாவிலும் உணவு சமைக்கப்பட்ட இடத்துக்குப் பெயர் குசினி. போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல் அது. தோட்டத்துப் பங்களாவில் குசினி பெரும்பாலும் தனிக்கட்டடமாகப் பின்புறத்தில் இருக்கும். புகையும் மணமும் துரையின் கூடத்துக்கு எட்டலாகாது என்பது அதன் அமைப்பின் நோக்கம். அங்கே ஆட்சி செலுத்தியவர் அப்பு எனப்பட்ட தலைமைப் பணியாளர். விறகடுப்பில் ரொட்டி சுட்டு, புடிங் அவித்து, துரைசானி வாயால் சொன்ன செய்முறையை மனத்தில் பதித்துக்கொண்டு, ஒரு முறை உண்ணாத உணவைச் சுவை பிசகாமல் ஆக்கியவர்கள் அக்குசினிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பகலுணவுக்கு மட்டும் துரைமார் சோறும் கறியும் விரும்பி உண்டனர். ஆக்கியவரும் பரிமாறியவரும் நின்றுகொண்டே இருந்தனர் என்பதே அவ்விருந்தின் ஒழுங்கு.

அதே மலையின் சரிவில், லயத்து அறையில், இன்னொரு மேசையற்ற உணவு நடந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டியும் சம்பலும், அவற்றோடு தேத்தண்ணீர். தாம் பறித்த கொழுந்தின் உயர்ந்த ரகம் கப்பலேறி லண்டனுக்குப் போக, தொழிலாளரின் கோப்பைக்கு வந்தது மட்டமான தூள். தோட்டம் அளந்து கொடுத்த அரிசியின் விலை கூலிக் கணக்கில் கழிக்கப்பட்டது. கங்காணியிடம் பட்ட கடன், 'துண்டு' என்னும் சீட்டின் வழியே ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு அவர்களைத் தொடர்ந்தது. அத்துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மது அருந்த அவர்களுக்கென இருந்தது தவறணை. அரசாங்கம் தவறணைகளைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. 1912 ஆம் ஆண்டின் புதிய மதுவரி ஏற்பாட்டினால் கள்ளுத் தவறணைகள் பெருகியபோது நாடெங்கும் மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. மழையிலும் குளிரிலும் உழைத்த உடல் சற்றே சூடு தேடியது உண்மை. ஆனால், அந்தச் சூட்டுக்குக் கொடுத்த விலை பெண்களின் கண்ணீராகவும் பிள்ளைகளின் பட்டினியாகவும் லயங்களில் தேங்கியது. கிளப்பில் துரை அருந்தியது நாகரிகம் என்றும், தவறணையில் தொழிலாளி அருந்தியது ஒழுக்கக்கேடு என்றும் ஒரே சமுதாயம் இரண்டு அளவுகோல்களை வைத்திருந்தது.

இந்த அளவுகோல்களை வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். அந்நியர் தோட்டங்களுக்குள் நுழைய இயலாத காலத்தில், துணி வியாபாரிபோல் உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர் அவர். 1931 இல் ஹட்டனைத் தளமாகக்கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடல் இயற்றிப் பாடி விழிப்பூட்டினார்.

1947 இல் நடந்த பொதுத் தேர்தலில் ஒரு புதுமை நிகழ்ந்தது. தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். நுவரெலியாத் தொகுதியின் உறுப்பினரானார் சௌமியமூர்த்தி தொண்டமான். தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. நுவரெலியா தன் பிரதிநிதியாக ஒரு தமிழரைத் தெரிந்தெடுத்த அந்நாளில், அந்நகரின் ஹில் கிளப்பில் இலங்கையர் எவருக்கும் உறுப்புரிமை இல்லை. நாடாளுமன்றத்தின் கதவோ திறந்த வேகத்திலேயே அடைபட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அம்மக்களின் வாக்குரிமையைப் பறித்தன. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. ஹில் கிளப் இலங்கையரை உறுப்பினராக ஏற்றது 1960களின் பிற்பகுதியில்தான். அதன் கதவு திறந்த வேளையில், அம்மலையை உருவாக்கியவர்களுள் பலர் நாட்டைவிட்டுப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தனர்.

1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் கப்பலேறினர். ஆனால், அதே காலத்தில், 1973–74 ஆம் ஆண்டுகளில், உணவுப் பங்கீடு குறைந்து விலை ஏறியபோது தோட்டங்களில் பஞ்சம் புகுந்தது. லயங்களில் இறப்பு கூடியது. ஒரு நூற்றாண்டாக விருந்துக்குப் பேர்போன மலையில் மக்கள் பசியால் மடிந்தனர் என்பதை வரலாறு மறக்கலாகாது.

பின்னர் வந்தது சுற்றுலாக் காலம். கந்தப்பளையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. பழைய இயந்திரங்கள் காட்சிப் பொருள்களாயின. ஹட்டன், நோர்வுட், காசல்ரீ ஏரிப் பகுதியின் துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் உயர்தர விடுதிகளாயின. முன்பு துரை அமர்ந்த முன்தாழ்வாரத்தில் இன்று உலகின் பல நாட்டு விருந்தினர் அமர்ந்து, தேயிலைச் சாறு கலந்த காக்டெயில் அருந்துகின்றனர். பரிமாறுவோருள் பலர் லயங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர். தொழில் கற்றுத் தேர்ந்தவர்கள். ஆயினும், கொழுந்து பறிப்போரின் நாட்கூலி 1,000 ரூபாய் என 2021 இல், நெடுங்காலப் போராட்டத்தின் பின், நிர்ணயிக்கப்பட்டபோது, அத்தொகை அத்தகைய விடுதியில் ஒருவரின் ஓர் இரவுணவுக்குப் போதாது.

கிராண்ட் ஹோட்டலின் வளவில் இன்று ஓர் இந்திய உணவகம் இருக்கிறது. சீசன் நாட்களில் அங்கே இடம் கிடைப்பதே அரிது. தோசை அங்கே தோசை என்றே எழுதப்படுகிறது. திரிந்த பெயர் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மிளகுத் தண்ணீர் தன் பெயரை இழந்து நுழைந்த வளவில் தோசை தன் பெயரோடு நுழைந்தது சிறிய மாற்றமன்று.

ஆனால், உணவு மேசையேறுவது வேறு, அதை விளைவித்தவர் மேசைக்கு வருவது வேறு. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையரின் தடத்தில் பலர் நடந்தனர். அந்த நடைப்பயணிகளுக்கு வழிநெடுகிலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நீரும் உணவும் தந்து வரவேற்றனர். அங்கே உண்டவரும் ஊட்டியவரும் ஒரே வரிசையில் இருந்தனர். அந்த வரிசை நுவரெலியாவையும் ஹட்டனையும் என்று சென்றடையுமோ, அன்றுதான் மலைநாட்டு மேசையின் வரலாறு நிறைவு பெறும்.