கண்ணியும் கூலியும்: ஷெட்லாந்துப் பின்னல் பற்றி

கார்டிகன், ரக்லன், பாலக்ளவா. குளிருக்குப் போடும் உடுப்புகளோடு ஒட்டிக்கொண்ட இந்த மூன்று பெயர்களும் கிரிமியப் போரிலிருந்து (1853-1856) வந்தவை. பாலக்ளவா என்பது அங்கிருக்கும் ஒரு துறைமுகம். 1854 அக்டோபர் 25 அன்று அந்த ஊர்ப் பக்கம்தான் கார்டிகன் பிரபு தன் குதிரைப்படையை ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராக ஓட்டிக்கொண்டு போய்ச் சாகக் கொடுத்தார். ரக்லன் பிரபு அவருக்கும் மேலே, மொத்தப் படைக்கும் தளபதி. நம்ம ஊரில் மார்கழிப் பனிக்கு வயசானவர்கள் மாட்டிக்கொள்கிற மங்கி குல்லாய்தான் பாலக்ளவா. ஆக ஒரு உடுப்புக்குத் தளபதியின் பெயர் வரலாம், தோற்ற இடத்தின் பெயர்கூட வரலாம். பின்னிய கையின் பெயர் மட்டும் வராது. அந்தக் கையைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். பெயர் இல்லாமல் போனதற்கும் கூலி இல்லாமல் போனதற்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம்.

பின்னல் பெண்ணின் இயல்பு, பாட்டியின் பொழுதுபோக்கு என்பதெல்லாம் பிற்காலத்தில் கட்டமைக்கப்பட்ட பிம்பம். ஐரோப்பாவில் அது ஆண்களின் கைவினைச் சங்கங்கள் கையில் வைத்திருந்த தொழிலாகவும் இருந்தது. ஸ்ட்ராஸ்பர்க் போன்ற நகரங்களில் சங்கத்தில் ‘ஆசானாக’ச் சேர விரும்பியவன் தன் கைவரிசையைக் காட்ட ஒரு கம்பளமே பின்னிக் காண்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1571இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஆறு வயசுக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் உள்நாட்டில் செய்த கம்பளிக் குல்லாய் போட்டே ஆக வேண்டும், தவறினால் அபராதம். பிரபுக்களுக்கு விலக்கு உண்டு. குல்லாய் செய்கிறவர்களின் பிழைப்புக்காகப் போட்ட அந்தச் சட்டம் 1597 வரை இருந்தது. இதற்கிடையில் 1589இல் நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்தார். திருப்பூரில் இன்று ஓடுகிற நிட்டிங் மெஷினுக்கு அதைக் கொள்ளுத்தாத்தா எனலாம். 1811-12இல் லுடைட்டுகள் நாட்டிங்காமில் உடைத்தது இந்தப் பொறியின் வாரிசுகளைத்தான். பொறியை உடைத்தால் தூக்கு என்று 1812இல் சட்டம் வந்தது. நம் இடதுசாரி வாசிப்பில் லுடைட்டுகளுக்கு இடம் உண்டு, அது நல்லதுதான். ஆனால் பொறிக்கு வெளியே, அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் கையாலேயே பின்னிக்கொண்டிருந்தவளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அவள் எதையும் உடைக்கவில்லை என்பதால் இருக்கலாம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஏறக்குறைய அறுபதாவது அட்சரேகையில் கிடக்கிறது ஷெட்லாந்துத் தீவுக் கூட்டம். டிசம்பரில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. மரமும் அரிது. எரிக்க, சதுப்பு நிலத்திலிருந்து பீட் என்கிற மண்ணை வெட்டிக் காயவைத்து வீட்டுக்குச் சுமந்து வர வேண்டும். ஆட்டு மயிரைக் கத்தரிக்காமல், பருவத்தில் தானாகக் கழன்று வரும்போது கையால் பறித்தெடுப்பார்கள். கழுத்துப் பக்கத்து மயிர் மிக மெல்லியது. அதில் நூற்ற நூலில் பின்னிய பெரிய சால்வையைக் கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம் என்பார்கள். காலுறை, கையுறை, குல்லாய், தினப்படிக்குப் போர்த்துகிற கனத்த சால்வை என்று குளிருக்கு வேண்டிய எல்லாமே அங்கே பெண்கள் கையில் உருவானது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஹெர்ரிங் மீன் பிடிக்க வந்த டச்சுக்காரர்கள் லெர்விக் கரையில் முரட்டுக் காலுறைகளை வாங்கிப் போனார்கள்.

அங்குள்ள பேச்சுமொழியில் பின்னலுக்கு ‘மாக்கின்’ என்று பெயர். ‘செய்வது’ என்பதைத் தாண்டி அதற்கு வேறு அர்த்தம் இல்லை. எதைச் செய்வது என்று யாரும் கேட்கப்போவதில்லை. பெண்கள் இடுப்பில் ஒரு தோல் பட்டை கட்டியிருப்பார்கள். அதில் குதிரைமயிர் அடைத்த ஒரு சிறு திண்டு, திண்டு முழுக்க ஓட்டைகள். ஒரு ஊசியின் முனையை ஓட்டையில் செருகிக்கொண்டால் ஊசி ஆடாது, கை வேகமாக ஓடும், நடந்துகொண்டே பின்னலாம். முதுகில் பீட் நிரப்பிய கூடை, முன்னால் ஊசி, நடை. இந்தக் காட்சியின் பழைய புகைப்படங்கள் நிறைய உண்டு, தபால் அட்டையாகவும் விற்றிருக்கிறார்கள். சுறுசுறுப்பான தீவுப் பெண் என்று பார்த்து ரசிக்கலாம்தான். எனக்கோ அந்தப் படங்களில் தெரிவது ஒரே கூலிகூடச் சரியாகக் கிடைக்காத இரண்டு வேலைகள். பின்னலை ‘இடைவேளையில் செய்வது’ என்று சொல்லிவிட்டால் அதற்கு நேரக்கணக்கு கிடையாது, நேரக்கணக்கு இல்லாததற்கு விலையை வாங்குகிறவன்தான் சொல்வான். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு வீட்டில் வைத்துப் பிசிறு வெட்டித் தரும் பெண்களிடம் கேட்டால் இதைக் கோட்பாடு ஏதும் இல்லாமலேயே விளக்குவார்கள்.

ஆண்கள் திறந்த படகில் தொலைக்கடலுக்குப் போனார்கள். நிலம் ஜமீன்தாருடையது, குத்தகை நிலைக்க வேண்டுமானால் பிடித்த மீனை அவருக்கோ அவர் கைகாட்டுகிற வியாபாரிக்கோ கொடுக்க வேண்டும். கடல் சும்மா விடவில்லை. 1881 ஜூலையில் ஒரே புயலில் குளூப் பக்கத்துப் படகுகள் பத்து கவிழ்ந்து 58 பேர் செத்தார்கள். அந்த வீடுகளில் அப்புறம் ஊசிதான். ஆணின் மீன் ஜமீன்தாரிடம், பெண்ணின் பின்னல் லெர்விக் கடைக்காரரிடம். ஒரே குடும்பம் இரண்டு பேரேட்டில் கடனாளி.

இந்த ஏற்பாட்டுக்கு ‘டிரக்’ என்று பெயர். லாரியோடு இதற்குச் சம்பந்தமில்லை, பண்டமாற்று என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கூலியைக் காசாகத் தராமல் சரக்காகத் தருவதைத் தடுக்க 1831லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது ஆலைத் தொழிலாளிக்கு. வீட்டில் உட்கார்ந்து பின்னுகிறவள் தொழிலாளியே அல்ல, பொருளை ‘விற்கிறவள்’. எனவே அவளைச் சட்டம் தொடவில்லை. புகார் பெருகி, அரசு ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. வில்லியம் கத்ரி என்ற வழக்கறிஞர் 1872 ஜனவரியில் லெர்விக்கிலும் மற்ற ஊர்களிலும் உட்கார்ந்து சாட்சியம் கேட்டார். கேள்வியும் பதிலுமாக அது அப்படியே அச்சாகியிருக்கிறது.

அந்தப் பக்கங்களை வாசிப்பது விசித்திரமான அனுபவம். வேறெங்கும் வாய் திறக்காத பின்னல்காரிகள் இங்கே பேசுகிறார்கள். என்றாலும் கேள்வியின் அளவுக்குத்தான் பேச்சு. எத்தனை சால்வை, என்ன விலை, காசு கேட்டாயா, கொடுத்தார்களா. அதிகார மொழியின் கட்டங்களுக்குள் விழுந்த இந்தச் சின்னச் சின்னப் பதில்களிலிருந்து எழும்பி வருகிறது ஒரு பொருளாதாரம். அது எப்படி ஓடியது என்று சொல்கிறேன்.

சால்வையைக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடைக்காரர் ஒரு விலை சொல்கிறார். அந்த விலைக்குத் துணி எடுக்கலாம், தேயிலை எடுக்கலாம். காசுன்னு கேட்டால் ஒன்று கிடையாது என்பார்கள், இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு மாவு வேண்டும், அது அந்தக் கடையில் கிடைக்காது. எனவே கால் பவுண்டு தேயிலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அதைச் சுமந்து அக்கம்பக்கத்துக் குடியானவர்களிடம் போய், மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றுவாள், பெரும்பாலும் நஷ்டத்துக்கு. தேயிலையே அங்கே நாணயம். உடனே சரக்கு வேண்டாம் என்பவளுக்கு ஒரு துண்டுச் சீட்டு: இவ்வளவு பெறுமானம் பாக்கி என்று எழுதியிருக்கும். ‘லைன்’ என்பார்கள். அந்தச் சீட்டும் கை மாறும், கை மாறும்போது தேயும். எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்: கடையில் நல்ல கம்பளி நூல் இருக்கிறது, அதைப் பின்னலுக்கு ஈடாகத் தரமாட்டார்கள். நூல் ‘ரொக்கச் சரக்கு’. ரொக்கம் தராத கடையில் ரொக்கம் கொடுத்து நூல் வாங்கி, அதைப் பின்னி, அதே கடைக்குக் கொடுக்க வேண்டும்.

வியாபாரிகளும் சாட்சி சொன்னார்கள். பின்னலில் எங்களுக்கு லாபமே இல்லை, சரக்கில்தான் ஏதோ கொஞ்சம் நிற்கிறது, காசு கொடுத்தால் தொழிலே படுத்துவிடும் என்றார்கள். அவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அது பொய்யாகக்கூடத் தெரியாது. லாபத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பது எழுதுகிறவன் இஷ்டம். அப்புறம் அந்தப் பெண்களின் ஒழுக்கம் பற்றிய விசாரம். வயிறு காய்கிறது, உடம்பில் மட்டும் நல்ல துணி, தகுதிக்கு மீறி உடுத்துகிறார்கள் என்ற பேச்சும் பதிவாகியிருக்கிறது. துணியைத் தவிர வேறெதையும் கூலியாகத் தராமல், அவள் உடுத்தியதைக் குற்றமாகவும் பார்ப்பது!

இதே ஆண்டுகளில் இலங்கை மலையகத்தில் காப்பித் தோட்டங்கள். அங்கே நம் ஆட்களுக்குத் தோட்டமே அரிசி அளந்து சம்பளத்தில் கழித்தது. கங்காணியின் கடன் கணக்கும் ‘துண்டு’ம் தனி. இரண்டும் ஒன்றல்ல. ஷெட்லாந்துக்காரிக்குச் சொந்த வீடோ, குத்தகை நிலமோ, கால் வைக்க ஓர் இடம் இருந்தது, தோட்டத்து ஆளுக்கு அதுவும் இல்லை. ஆனால் காசைக் கண்ணில் காட்டாமல் கணக்கை மட்டும் காட்டுகிற உத்தி கடல் தாண்டியும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

1887இல் திருத்தச் சட்டம் வந்தது. வீட்டில் பின்னித் தரும் ஐந்து பவுண்டுக்குக் குறைவான பொருளை வாங்கும் வியாபாரியை முதலாளியாகவும், பின்னுகிறவளைத் தொழிலாளியாகவும் அது கருதியது. நல்ல சட்டம். ஆனாலும் அடுத்த நூற்றாண்டிலும் பழக்கம் தொடர்ந்தது. ஒரே கடைக்காரர்தான் வாங்குவார் என்றால் யார் போய் வழக்குப் போடுவது?

கூலி இப்படி என்றால், படைப்புரிமை என்ன ஆனது? ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவில் ஃபேர் ஐல் என்ற சின்னத் தீவு. பல நிறங்களில், வரிசைக்கு இரண்டு நிற நூல் என்று ஓட்டிப் பின்னும் பூவேலை அங்கே பேர்போனது. 1588இல் ஸ்பானிய ஆர்மடாவின் ‘எல் கிரான் கிரிஃபோன்’ என்ற கப்பல் அங்கே உடைந்தது உண்மை. கரையேறிய மாலுமிகள்தான் இந்தப் பூவேலையைத் தீவுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது கதை. ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. பால்டிக், ஸ்காண்டிநேவியக் கரைகளில் இதற்கு உறவுக்காரப் பின்னல்கள் உண்டு. கதை மட்டும் சாகவில்லை, அது சரக்கை விற்றும் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணி எண்ணியவர்களுக்குத் தாமாக ஒரு கோலம் தோன்றியிருக்கும் என்று நம்புவதைவிட, நனைந்துபோன சிப்பாய் கொண்டுவந்தான் என்று நம்புவது எளிதாக இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடினார். அது உலக மோஸ்தர் ஆயிற்று. மறுபடியும் ஒரு பிரபுவின் உடம்பு.

1914இல் உலகப் போர் தொடங்கியதும் ராணி மேரி பேரரசின் பெண்களிடம் படைவீரருக்காக மூன்று லட்சம் ஜோடிக் காலுறைகள் கேட்டார். ஊரெல்லாம் பின்னல். பஸ்ஸில், சர்ச்சில், வரவேற்பறையில். இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர்: சீமாட்டிகள் இலவசமாகத் தைத்தும் பின்னியும் கொடுத்தால், போர் வந்து வேலை பறிபோன பெண்கள் எங்கே போவார்கள்? வேலையிழந்த பெண்களுக்குக் கூலி வேலை தர ராணியின் பெயரிலேயே ஒரு நிதி அமைந்தது. அன்பு கூலியை எப்படித் தின்னும் என்பதை மெக்கார்தர் அளவுக்குத் துல்லியமாக அன்று யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு 1970களில் பெண்ணியர் எழுதியவற்றுக்கு இதை ஒரு முன்னுரையாக வாசிக்கலாம். நம்மிடம் அந்த விவாதம் ‘தாய்மை’ என்ற சொல் வந்ததும் நின்றுவிடுகிறது.

ஷெட்லாந்தில் சரக்குக்கூலியை முடித்துவைத்ததில் சட்டத்தைவிட இரண்டாம் உலகப் போருக்குப் பங்கு அதிகம். தீவில் ஆயிரக்கணக்கில் படைவீரர்கள் வந்து தங்கினார்கள். அவர்களுக்குக் குளிர், கையில் சம்பளக் காசு. கையுறையும் ஸ்வெட்டரும் நேராகப் பின்னுகிறவள் வீட்டிலேயே வாங்கினார்கள், நடுவில் கடை இல்லை. போருக்கு அப்புறம் பழைய கணக்குக்குத் திரும்ப யாரும் தயாராக இல்லை. 1970களில் வடகடல் எண்ணெய் வந்தது, சலம் வோ முனையம் 1978இல் எண்ணெய் பெறத் தொடங்கியது. சமையற்கூடம், துப்புரவு, அலுவலகம் என்று மாதச் சம்பளத்துக்குப் பெண்கள் போனார்கள். கைப்பின்னல் ஒரு மரபு, அது அழிகிறதே என்று வெளியூர்க்காரர்கள் வருத்தப்பட்டார்கள். மணிக்கணக்குக் கூலியை ஒரு முறை வாங்கிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஊசியைத் தங்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மட்டும் எடுத்தார்கள்.