பரணும் பதினெட்டாம் பெருக்கும்

போகிக்குப் பரண் ஒழித்தேன். உடைந்த முறம், ஈயம் போன பித்தளை அடுக்கு எல்லாம் கீழே வந்தன. ஒரு காகிதக் கட்டு வந்ததும் கை தயங்கிற்று.

செல்லரித்த ஏடுகளை ஆடிப் பதினெட்டில் காவிரியில் விடுவது எங்கள் தஞ்சைச் சீமையின் பழைய வழக்கம். அதில் பாதகமில்லை, புதிதாகப் பிரதி எழுதி வைத்துக்கொண்டுதான் பழையதை விட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏடு எழுதுவோர் அருகினார்கள். விடும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த வழக்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டுதான், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையர் வீடு வீடாக ஏடு தேடி அலைந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் அச்சேறின. அவர் போவதற்குள் ஒழிந்த பரண்களில் என்னென்ன இருந்தனவோ!

என் கட்டில் இருந்தது தாத்தாவின் நெல் கணக்கு. முறம் போகிக்குப் போயிற்று. கட்டு திரும்பப் பரணேறிற்று.