ஊசிக்கும் சோத்துக்கும் நடுவே அரை மணி

“ஊசி போட்டு அரை மணி கழிச்சு சாப்பிடுங்க.” சென்னையிலும் இதைத்தான் சொல்றாங்க, கொல்லிமலை செம்மேட்டிலும் இதைத்தான். அந்த அரை மணி எங்கிருந்து வந்தது?

1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி. கணையம் இன்சுலினை நேராக ரத்தத்தில் விடும்; ஊசி தோலுக்கடியில் விடுகிறது. தாமதம் அங்கேதான். 1936இல் ஹாகெடார்ன் புரோட்டமின் சேர்த்து வேகத்தை இன்னும் குறைத்தார். ஊசிகளின் எண்ணிக்கை குறைஞ்சுது, சாப்பாட்டுச் சிக்கல் அப்படியே நின்றது. 1969இல் டாரதி ஹாட்ஜ்கின் குழு இன்சுலினின் வடிவத்தைக் கண்டது: ஆறு மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றி ஒரே கொத்து. அது உடைஞ்சு தனித்தனியானால்தான் வேகமாக ரத்தத்தில் சேரும். அதுக்குத்தான் அரை மணி. 1996இல் வந்த லிஸ்ப்ரோவில் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றினார்கள். கொத்து சட்டென்று உடையும்; கால் மணி முன்னே போட்டால் போதும்.

இது ஊசியின் பக்கம். தட்டின் பக்கம் கொல்லிமலையில் என்ன ஆச்சு பாருங்க. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காட்டில் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி ஏறியது. சாமையை உரலில் குத்துவது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. ரேஷன் அரிசி வந்ததும் அதை விட்டதில் ஆச்சரியமே இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரம் வைத்தது அதனால்தான். (சிறுதானியம்னா சர்க்கரையே ஏறாது என்பதும் கதைதான். மாவாக்கிக் கூழ் காய்ச்சினால் அதுவும் வேகமாகவே ஏறும்.)

அரிசிச் சோறு ஒரு மணி நேரத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். பழைய ரெகுலர் இன்சுலின் உச்சத்துக்கு வர இரண்டு, மூன்று மணி நேரம். ஆக, சாப்பிட்டதும் ஏற்றம், பிறகு இறக்கம்.

அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் கிடைப்பது ரெகுலர், இல்லாட்டி 30/70 கலவை. கலவையில் 30 பங்கு காலைச் சோத்துக்கு. மெதுவான 70 பங்கு மதியத்தை ஒட்டி வேகம் பிடிக்கும். நகரத்தில் மதியச் சாப்பாடு ஒரு மணி தள்ளினால் கை நடுங்கும், ஒரு டீ குடிச்சு சமாளிக்கலாம். மிளகு பறிப்புக் காலத்தில் ஏணி மேல் நிற்கிறவருக்கு அப்படியில்லை. அவர் மடியில் வெல்லம் முடிஞ்சு வெச்சுக்கணும், மதியத் தூக்குவாளியை மரத்தடிக்கே கொண்டுபோகணும்.