இசைத்தட்டின் மறுவருகை: ஒரு பண்டத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கைத்தொழில் வரலாற்றில் வழக்கிழந்த பண்டமொன்று மீண்டும் சந்தையில் நிலைபெறுதல் அரிது. இசைத்தட்டு அவ்வரிய சிலவற்றுள் ஒன்று. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகளும் 3 கோடியே 30 இலட்சம் இறுவட்டுகளும் விற்பனையாயின. எண்ணிக்கையில் இறுவட்டை இசைத்தட்டு விஞ்சியது 1987இன் பின்னர் அதுவே முதன்முறை. எனினும், அதே ஆண்டில் அந்நாட்டு ஒலிப்பதிவுக் கைத்தொழிலின் வருமானத்தில் நூற்றுக்கு 84 பங்கு இணையவழி இசைச்சேவைகளினின்றே கிடைத்தது என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

இம்மறுவருகையைப் பழமைமீதான ஏக்கம் எனக் கூறி அமைவோர் உளர். இவ்விளக்கம் போதாது. இன்று இசைத்தட்டை நாடுவோருட் பலர் அது வழக்கொழிந்த பின்னர்ப் பிறந்தவர்கள். தாம் கண்டறியாத ஒன்றன்மீது அவர்கள் எங்ஙனம் ஏக்கங்கொள்வர்? 2008இல் ஸ்பொட்டிஃபை சேவை சுவீடனில் தொடங்கிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் தனித்தியங்கும் இசைத்தட்டுக் கடைகள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு நாளைக் கொண்டாடின. இணையச் சேவைக்குச் சந்தா செலுத்துபவர் இசையை வாடகைக்கே பெறுகிறார்; செலுத்துவதை நிறுத்தின் அவர் கையில் யாதும் எஞ்சாது. உடைமையுணர்வின் இவ்விழப்பே இசைத்தட்டுக்குப் புதிய தேவையைத் தோற்றுவித்தது எனலாம். ஆயின் அவ்வுணர்வையும் சந்தை விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் இசைத்தட்டு வாங்குவோருள் அரைவாசிப் பேரிடமே அதனை இசைக்கும் கருவி உண்டென 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பண்ட வழிபாடு பற்றி மார்க்ஸ் எழுதியதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் கிடைப்பது கடினம்.

சுவையின் வரலாறாகத் தோன்றுவது பெரிதும் மூலப்பொருளினதும் உழைப்பினதும் வரலாறே. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டுகள், சோட்டா நாக்பூர் முதலிய பகுதிகளின் ஆதிவாசிகள் மரங்களினின்று சேகரித்த அரக்கினால் ஆனவை. போரினால் ஆசியக் கப்பற்போக்குவரத்துத் தடைப்படவே, 1942இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கை நூற்றுக்கு 70 பங்கு குறைத்தது. அடுத்த ஆண்டு முதற் படையினருக்கு அனுப்பப்பட்ட தட்டுகள் வினைலிற் செய்யப்பட்டன. 1948இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுந்தட்டு இவ்வழியில் வந்ததே.

இனி, செக் நாட்டின் தலைநகர் பிராக்குக்கு அண்மையிலுள்ள லொடெனிட்சே என்னும் சிற்றூர் தனித்து நோக்கத்தக்கது. சோசலிச ஆட்சிக்காலத்தில், 1951இல், அரசுடைமையான கிராமபோன் ஆலை அங்கு நிறுவப்பட்டது. இறுவட்டின் வருகையோடு மேனாட்டுப் பெருநிறுவனங்கள் தம் அழுத்துப்பொறிகளை விற்றும் உடைத்தும் கைகழுவின. லொடெனிட்சேயில் உற்பத்தி மிகச் சுருங்கியபோதும் பொறிகள் அகற்றப்படவில்லை. அவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் அறிந்த தொழிலாளர் அங்கேயே இருந்தனர். 1989இன் பின்னர் ஆலை தனியார்வசமாகி, ஜீ. இசட். மீடியா என்னும் பெயரில் இன்று உலகின் மிகப்பெரிய இசைத்தட்டு உற்பத்தி நிறுவனமாக விளங்குகிறது. மேனாட்டு முதலாளித்துவம் பயனற்றதெனக் கழித்த தொழிலறிவை, அரசுடைமை ஆலையொன்றின் மரபு காத்துவைத்தது. அதன் பேறு இறுதியில் தனியுடைமைக்கே சேர்ந்தது என்பது வேறு விடயம்.

இக்கைத்தொழிலின் அடித்தளம் எத்துணை ஒடுங்கியது என்பதை 2020 பெப்ரவரியில் நேர்ந்த தீவிபத்துப் புலப்படுத்திற்று. பள்ளம் வெட்டுவதற்கான மெருகுப்பூச்சுத் தட்டுகளை உலகில் இரு நிறுவனங்களே செய்துவந்தன. அவற்றுள் கலிபோர்னியாவின் பானிங் நகரிலிருந்த அப்பலோ மாஸ்டர்ஸ் ஆலை முற்றாக எரிந்தொழிந்தது; மற்றையது யப்பானிலுள்ள ஒரு சிறு நிறுவனம். மெருகுப்பூச்சுத் தட்டை விடுத்துச் செப்புப்பூச்சின்மீது நேரே வெட்டும் முறையும் உண்டு. அதற்குரிய பொறிகள் உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுட் சில லொடெனிட்சேயில் இயங்குகின்றன.